பிச்சைமணியின் இருமல்

பிச்சைமணி இருமுகிறார். வெள்ளைக்காரி தாழ்ப்பாளில் கை வைத்தாயிற்று. கதவுக்கு அந்தப் பக்கம் கத்தியோடு ஒருவன் நிற்கிறான். போடிச் சந்தைக்குப் பக்கத்துக் கொட்டகையில் மணலில் உட்கார்ந்திருக்கிற ஜனம் முழுவதும் மூச்சு விட மறந்திருக்கிறது. இந்த மனிதருக்கு அப்போதுதான் தொண்டை அரிக்கும். நிதானமாக இருமுவார். தோளில் கிடக்கும் துண்டை எடுத்து வாயை இடப்பக்கம் ஒருமுறை, வலப்பக்கம் ஒருமுறை துடைப்பார். இருமல் கேட்டதும் படப்பெட்டியின் கைப்பிடியை மெதுவாகச் சுற்ற வேண்டும் என்று படம் ஓட்டுகிற தவசிக்கும் அவருக்கும் ஒப்பந்தம். அதனால் திரையில் அந்த வெள்ளைக்காரியும், பாவம், வாதம் வந்தவள் மாதிரி தாழ்ப்பாளோடு இழுபறி செய்துகொண்டிருப்பாள்.

பயாஸ்கோப்புப் படம் வாய் பேசாது. அதற்காகப் பேசத் திரைக்குப் பக்கத்தில் கம்பும் கையுமாக நிற்கிறவர் நம்முடைய பிச்சைமணி. இங்கிலீஷ் எழுத்து வந்தால் தலையை ஆட்டி ஆட்டிப் பார்ப்பார். அவருக்கு அதில் ஓர் எழுத்துகூடத் தெரியாது என்பது ஊருக்கே தெரியும். ஆனாலும் துரை என்ன சொன்னான், துரைசானி என்ன திருப்பிச் சொன்னாள் என்று இவர் சொன்னால் சொன்னதுதான். போன மாதம் ஒரு படத்தில் அண்ணனையும் தங்கையையும் புருஷன் பெண்டாட்டி ஆக்கிவிட்டார். கடைசியில் அந்தத் தங்கைக்கு வேறொருவனோடு கல்யாணம் நடந்தபோது திருதிருவென்று விழித்தார். அன்றைக்கும் இருமல்தான் காப்பாற்றியது.

இதற்கு முன்னால் அவர் ஏலக்காய் மண்டியில் ஏலம் கூறிக்கொண்டிருந்தார். "ஒரு தரம்" என்பார், "ரெண்டு தரம்" என்பார். மூன்றாவது தரம் வருவதற்குள் வெற்றிலை எடுத்து, காம்பு கிள்ளி, சுண்ணாம்பு டப்பாவை இடுப்பில் தேடுவார். வாங்க வந்த வியாபாரிகள் பொறுக்க முடியாமல் தாங்களாகவே விலையை ஏற்றிவிடுவார்கள். மண்டிக்காரர்கள் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். வியாபாரிகள் சொன்னதை இங்கே எழுத முடியாது.

பயம் காட்டுவது எப்படி என்று அவரிடம் ஒருநாள் கேட்டுவைத்தேன். "கத்தியக் காட்டினா ஒரு நிமிசம் பயப்படுவான், அப்புறம் சுருட்டுப் பத்த வச்சிருவான்," என்றார். "கதவுக்குப் பின்னாடி ஆளு நிக்கிறான்னு முதல்லயே சொல்லிப்புடணும். நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. அங்கதான் வேர்க்கும்." மேலே என்ன என்று கேட்டதற்குத் துண்டை எடுத்தார். நான் எழுந்து வந்துவிட்டேன். எனக்கும் வேறு சோலி இருக்கிறதல்லவா?

அந்த வெள்ளைக்காரியின் பங்களாவையும் அவர் சீமையில் விட்டுவைக்கவில்லை. கதை சொல்லும்போது குரங்கணி மலைக்கு மேலே ஏலத் தோட்டத்துக்கு நடுவில் கொண்டுவந்து இறக்கிவிட்டார். பலன் என்ன? காய் பறிக்கிற பெண்கள், காய் உலர்த்தும் கொட்டடிக்குள் தனியாகப் போகமாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். இவரோடு சண்டை போட மலையிலிருந்து இறங்கி வந்த கங்காணி, வந்ததுதான் வந்தோம் என்று படத்தையும் பார்த்தான். பிறகு துணைக்கு ஆள் இல்லாமல் மலையேற மாட்டேன் என்று அவனும் போடியிலேயே தங்கிவிட்டான்.

வீட்டிலும் இதே கூத்துதான். "உப்பு வாங்கிட்டு வந்தீகளானு கேட்டா அதுக்கும் இருமுறாரு," என்று அவர் மனைவி கருத்தம்மா என்னிடம் முறையிட்டாள். "இங்க ஒல கொதிக்குது. நான் எந்த வெள்ளக்காரியக் கண்டேன்?"

இத்தனை பேரை வேர்க்க வைக்கிறவருக்கும் ஒரு கவலை உண்டு. மகள் வேலுத்தாய்க்கு இன்னும் இடம் அமையவில்லை. இந்தப் பக்கத்தில் பெண் பார்க்க வந்தவர்கள் பெண் வீட்டில் கை நனைத்துச் சாப்பிட்டால் சம்பந்தம் முடிந்தது என்று அர்த்தம். நனைக்காமல் எழுந்தால் வேறு இடம் பார்க்க வேண்டியதுதான். ஏற்கெனவே இரண்டு கூட்டத்தார் இலையைத் தொடாமல் எழுந்து போய்விட்டார்கள். "கொட்டகையில கத்துறவன் மகதானே," என்று அவர்களில் ராசிங்காபுரத்தார் வாசலில் சொல்லிவிட்டுப் போனது அந்தப் பெண்ணின் காதிலும் விழுந்தது. அன்று முழுவதும் அவள் ஒரு வாய் சாப்பிடவில்லை. அதில் மட்டும் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மூன்றாவதாக வந்த இடம் சிலமலை மொக்கச்சாமி வீடு. மலையிலிருந்து கழுதைகளில் ஏலக்காய்ப் பொதி இறக்குகிறவர். கொட்டகையில் முன்னால் இருக்கிற மணல் அவர் பாட்டன் சொத்து மாதிரி. வேறு யாரும் அங்கே உட்கார முடியாது. வெள்ளைக்காரிக்காகப் பயந்து ஒருமுறை காய்ச்சலே கண்டவர். படம் ஓடும்போதே எழுந்து வந்து, "ஏப்பா, அவ பொழைப்பாளா மாட்டாளா, சொல்லிரு," என்று கெஞ்சியிருக்கிறார். பிச்சைமணி வாயைத் துடைத்துக்கொண்டு, "சொல்லிட்டா அப்புறம் என்னண்ணே இருக்கு?" என்றாராம்.

கொட்டகையில் பிச்சைமணிக்கு எல்லோரும் அண்ணன்தான். பெண் கொடுக்கிற இடத்தில் அந்த வார்த்தை ஆகாது. அண்ணன் என்றால் பங்காளி. பிள்ளைகள் கூடப் பிறந்தவர்கள் முறை ஆகிவிடுவார்கள். மச்சான் என்று கூப்பிட்டால்தான் பெண் கொடுக்கல் வாங்கல். அதனால் கருத்தம்மா சில நாளாகவே, கிளிக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி அவருக்கு "மச்சான்" சொல்லிப் பழக்கினாள்.

மொக்கச்சாமி உறவுக்காரர்களோடு ஒரு மத்தியானம் வந்து சேர்ந்தார். பக்கத்து வீட்டுக்காரன் என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். வேலுத்தாய் அடுப்பங்கரைக் கதவுக்குப் பின்னால் நின்றாள். இலையில் சோறு விழுந்தது, குழம்பு விழுந்தது. மொக்கச்சாமி வலது கையை இலைக்கு மேலே கொண்டுவந்தார். அங்கேயே நிறுத்தினார். இருமினார். பிறகு இடது கையால் தோள் துண்டை எடுத்து வாயை இடப்பக்கம் ஒருமுறை, வலப்பக்கம் ஒருமுறை துடைத்தார்.

அடேயப்பா, எத்தனை நாள் கறுவிக்கொண்டிருந்தாரோ! பிச்சைமணியின் நெற்றியில் முத்து முத்தாக வேர்வை கட்டிவிட்டது. சாப்பிடச் சொன்னார், கை இறங்கவில்லை. குழம்பு ஆறுகிறது என்றார். கை கொஞ்சம் இறங்கி மறுபடியும் மேலே போயிற்று. அதற்கு மேல் அவரால் ஆகவில்லை.

"அண்ணே, சொல்லிருங்கண்ணே," என்றார்.

அடுப்பங்கரையில் கரண்டி விழுந்த சத்தம் கேட்டது. மொக்கச்சாமி கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். "அண்ணனா? அப்ப எம் மகனுக்கு உம் மக தங்கச்சியா?" என்று சாவகாசமாகக் கேட்டார்.

வாய் தவறிவிட்டது என்றார் பிச்சைமணி. கொட்டகைப் பழக்கம் என்றார். அந்தக் கொட்டகையையே விட்டுவிடுகிறேன் என்றார். இத்தனை நாள் அவர் இருமலுக்குச் சாபம் கொடுத்த எனக்கே பாவமாகப் போயிற்று. கடைசியில் உண்டா இல்லையா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றார்.

மொக்கச்சாமி கையை மறுபடியும் இலைக்கு மேலே கொண்டுவந்தார். "சொல்லிட்டா அப்புறம் என்ன இருக்கு, மச்சான்?"

அதுவரை "ஏப்பா" தவிர வேறெதுவும் கூப்பிடாத மனிதர். கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் முடிவு தெரிந்துவிட்டது. கதவுக்குப் பின்னால் வளையல் குலுங்கிற்று. பிச்சைமணி காதில் மட்டும் அந்த வார்த்தை ஏறவே இல்லை. மொக்கச்சாமி இன்னொரு தரம் தொண்டையைச் செருமியதுதான் தாமதம், இவர் பாய்ந்து அந்த மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துச் சோற்றுக்குள் அமுக்கி, விரல்கள் பிசைய ஆரம்பிக்கிற வரைக்கும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.