ரோமில் நான் தனியாக நடந்த பிற்பகல்

எழுபதுகளின் நடுவில் நாங்கள் பஹ்ரைனில், குதைபியாவில் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தோம். கணவருக்கு ஒரு கட்டுமான கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. ஒரே மகள். பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் நாங்கள் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்லும் வயது.

அந்த வருஷம் ஈஸ்டர் விடுமுறையில் அவள் பள்ளியிலிருந்து பெரிய வகுப்பு மாணவிகளை ரோமுக்கு அழைத்துப்போக ஏற்பாடு செய்தார்கள். காலையில் சரித்திர வகுப்பு, பிறகு பழைய இடங்களைப் போய்ப் பார்த்து வரைய வேண்டும். வகுப்பில் பாதிப் பெண்கள் பெயர் கொடுத்துவிட்டார்கள். என் கணவர் முடியாது என்றார். வயசுப் பெண்ணைத் தனியாக அனுப்ப மாட்டாராம். மகள் சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள்.

பள்ளிக்குப் போய்ப் பேசினோம். ஆசிரியை ஓர் ஆங்கிலேயப் பெண்மணி. துணைக்கு இன்னொரு பெண் வந்தால் தனக்கும் உதவியாக இருக்கும் என்றார். என் கணவர் லீவு கிடைக்காது என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் "நான் போறேன்" என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. திருச்சியில் இருந்தவரை அண்ணன் துணை. கல்யாணத்துக்குப் பிறகு இவர் துணை. பஹ்ரைனில் மீன் மார்க்கெட் தாண்டி நான் தனியாகப் போனதில்லை.

வெளியே வந்ததும் மகள் கேட்டாள்: "நீயா? புடவையிலயா?"

புடவையில்தான் போனேன். குளிருக்கு மேலே இவருடைய கல்யாணக் கோட்டு. தோள் தொங்கியது, கை விரல்நுனி வரை வந்தது. கண்ணாடியில் பார்த்து நானே சிரித்துக்கொண்டேன். மகள் சிரிக்கவில்லை.

ரோமில் கன்னியாஸ்திரீகள் நடத்தும் ஒரு விடுதியில் தங்கினோம். அங்கிருந்து ரயில் நிலையம் பக்கம். பாடம் நடத்த உள்ளூரிலிருந்து ஒரு இளம் பெண் வருவாள். இடிந்த தூண்களுக்கு நடுவில் நின்றுகொண்டு, இங்கே காய்கறி விற்றார்கள், இங்கே வழக்கு நடந்தது என்று கையை வீசிச் சொல்வாள். நான் பின்னால் நின்று கேட்பேன். பள்ளியில் நான் ரோமைப் பற்றிப் படித்தது எல்லாம் ராஜாக்களும் சண்டைகளும்தான். அங்கே காய்கறிக்கடை இருந்திருக்கும் என்று தோன்றியதே இல்லை. என் இங்கிலீஷுக்குப் புரிந்தது பாதி. அந்தப் பாதியே போதுமானதாக இருந்தது.

மகள் எப்போதும் முன்வரிசையில் இருந்தாள். நடக்கும்போதும் எனக்கு வெகு முன்னால் நடந்தாள். ஒருநாள் படிக்கட்டில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தார்கள். வேறு வகுப்பிலிருந்து வந்த ஒரு லெபனான் பெண், என்னைக் காட்டி அவளிடம் ஏதோ கேட்டாள். மகள் தாளிலிருந்து தலையைத் தூக்காமல் இங்கிலீஷில் சொன்னது என் காதில் விழுந்தது.

"எங்களைப் பார்த்துக்கறதுக்கு வந்திருக்காங்க."

அதில் பொய் ஒன்றுமில்லை. பார்த்துக்கொள்ளத்தான் வந்திருந்தேன். ஆனாலும் அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் மதியம் அவர்கள் அருங்காட்சியகத்துக்குக் கிளம்பினார்கள். தலை வலிக்கிறது என்று சொல்லி நான் விடுதியிலேயே இருந்துவிட்டேன். கொஞ்ச நேரம் படுத்துப் பார்த்தேன். ஜன்னலுக்கு வெளியே எங்கோ ஒரு பெண் உரக்கச் சிரித்தாள். எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினேன். முனை வரை போய்த் திரும்பிவிடுவதாகத்தான் எண்ணம்.

மதிய நேரத்துக்குக் கடைகளெல்லாம் மூடியிருந்தன. மாடிக்கு மாடி கயிறு கட்டித் துணி உலர்த்தியிருந்தார்கள். ஒரு பையனுடைய கால்சட்டையிலிருந்து சொட்டிய தண்ணீர் என் தலையில் விழுந்தது. பெரிய தேவாலயம் ஒன்று திறந்திருந்தது. உள்ளே போய் உட்கார்ந்தேன். நம்மூர்க் கோயில் மண்டபத்தின் அதே குளிர்ச்சி, பழைய மெழுகின் வாசனை. எழுந்து வேறு வாசல் வழியாக வெளியே வந்துவிட்டேன் போலிருக்கிறது. பார்த்தால் தெரியாத தெரு.

அந்த இடத்தில் நின்றபோதுதான் அது உறைத்தது. நான் எங்கே இருக்கிறேன் என்று உலகத்தில் யாருக்கும் தெரியாது. அம்மாவுக்கு, அண்ணனுக்கு, இவருக்கு, மகளுக்கு, யாருக்கும். முப்பத்தைந்து வயசு வரை அப்படி ஒரு நிமிஷம்கூட எனக்கு வாய்த்ததில்லை. பயம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. ஒரு காப்பிக் கடை திறந்திருந்தது. ஆண்கள் நின்றபடியே குடித்துக்கொண்டிருந்தார்கள். நானும் போய் நின்று விரலால் காட்டி ஒன்று வாங்கினேன். கஷாயம் மாதிரி இருந்தது. முகத்தைச் சுளித்ததைப் பார்த்துக் கடைக்காரர் தானாகவே பால் ஊற்றித் தந்தார். குடித்துவிட்டு ஆற்றங்கரையில் வெகுநேரம் நடந்தேன்.

வெளிச்சம் குறைந்தபோதுதான் புத்தி வந்தது. கையில் காய்கறிப் பையோடு வந்த ஒரு அம்மாளிடம் "ஸ்டேஷன், ஸ்டேஷன்" என்றேன். அவள் என் கோட்டை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு என்னைப் பிடித்துத் தன்னோடு பஸ்ஸில் ஏற்றிக்கொண்டாள். வழி முழுக்க என்னோடு பேசிக்கொண்டே வந்தாள். நானும் தமிழில் பதில் சொல்லிக்கொண்டே வந்தேன். இருவருக்கும் எந்தச் சிரமமும் இருக்கவில்லை.

விடுதி வாசலில் எல்லாரும் நின்றார்கள். மகள் படியிலிருந்து ஓடிவந்தாள். ஸ்வெட்டர்கூடப் போடவில்லை. அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"எங்கம்மா போன? சொல்லிட்டுப் போகத் தெரியாதா உனக்கு? எங்கெல்லாம் தேடறது?"

அத்தனை தோழிகளுக்கும் முன்னால், நல்ல தமிழில், தெருவே கேட்கிற குரலில் கத்தினாள். அவள் இப்படிக் காணாமல் போயிருந்தால் நானும் அதே வார்த்தைகளைத்தான் சொல்லியிருப்பேன். ஆசிரியை என்னிடம் மரியாதையாக இரண்டு வார்த்தை சொன்னார். மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். லெபனான் பெண் என் மகளின் தோளில் கை போட்டு, "உன் அம்மா வந்தாச்சே, அழாதே" என்றாள்.

அறைக்குள் வந்ததும் மகள் கேட்டாள்: "வழி தப்பிட்டியா?"

"ஆமா."

"பயமா இருந்துதா?"

யோசித்தேன். "இல்லடி."

அவளுக்கு மறுபடி கோபம் வந்துவிட்டது. "நீ பயந்திருக்கணும்மா," என்றாள். போர்வையை இழுத்து மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பக்கமிருந்தே, "என்ன பார்த்த?" என்றாள். ஈரத் துணி, காப்பி, ஆறு, பஸ் எல்லாம் சொன்னேன். அந்தத் தேவாலயத்தின் பெயர் என்ன என்றாள். தெரியவில்லை. அடுத்த நாள் ஆசிரியையிடம் அனுமதி கேட்டுக்கொண்டு நாங்கள் இருவரும் தேடிப் போனோம். ஆறு கிடைத்தது. மற்றது எதுவும் கிடைக்கவில்லை. எல்லாத் தெருவிலும் துணி தொங்கியது.

பஹ்ரைன் திரும்பி ஒரு வாரம் இருக்கும். மனாமா கடைத்தெருவில் மகளுக்குப் பாவாடைத் துணி எடுக்க வேண்டியிருந்தது. இவர் ஆபீஸிலிருந்து வரும்வரை பொறு என்று டெலிபோனில் சொன்னார். "நாங்களே போய்க்கறோம்," என்றேன்.  "சரி, வெயில் தாழப் போ," என்றார்.

மாடியிறங்கி வந்தோம். வாசலில் மகள் நின்று என்னைப் பார்த்தாள்.

"நானும் வரட்டுமா, நீயே போறியா?"

"நீயும் வா," என்றேன். அவள் எனக்குப் பக்கத்தில் நடந்து வந்தாள்.