பட்டினப்பாக்கம் வரை ஒரு ளகரம்

சனிக்கிழமை, பிற்பகல் 2.10. அசோக் பில்லர் நிறுத்தத்தில் தி.நகர் பேருந்தில் ஏறினேன். பையில் தண்ணீர் பாட்டில், பள்ளி அறிவியல் புத்தகம், கைபேசியில் செருகும் சின்ன மைக். போக வேண்டிய இடம் பட்டினப்பாக்கம். எங்கள் வீட்டிலிருந்து பத்து கிலோமீட்டர்கூட வராது. இதற்கு ஒரு பயணக் கட்டுரையா என்று கேட்பீர்கள். ஐம்பத்தாறு வருடமாக என் வாயிலேயே இருந்த ஒரு தப்பைப் பார்க்க நான் கிளம்பியது அன்றுதான். அதனால் எழுதுகிறேன்.

பார்வையற்றவர்களுக்காகப் புத்தகங்களைப் படித்துப் பதிவு செய்து அனுப்பும் ஒரு சிறு குழுவில் நானும் இருக்கிறேன். எனக்குக் குரல் நன்றாக இருக்கும் என்று சொல்வார்கள். சொல்வார்கள் என்ன, நானே சொல்வேன். எங்கள் அடுக்ககத்தில் இன்று தண்ணீர் லாரி வராது என்று நான் அறிவித்தால் யாருக்கும் கோபம் வருவதில்லை. அந்தத் தைரியத்தில்தான் அலைகள், ஒலி, ஒளி என்று மூன்று பாடங்களைப் படித்து அனுப்பியிருந்தேன். வியாழக்கிழமை ரெஜினா என்ற பெண்ணிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. வயது இருபத்தொன்பது, பிறவியிலேயே பார்வை கிடையாது. அரசு அலுவலக எழுத்தர் வேலைக்குத் தேர்வு எழுதுகிறவள்.

"சார், ஒரு டவுட்டு. ஒலி வெற்றிடத்துல போகும்னு சொல்றீங்க. அடுத்த வரியிலயே ஒலி வெற்றிடத்துல போகாதுங்கிறீங்க. எது கரெக்டு? வர்ற வாரம் ஞாயித்துக்கெழம பரீட்சை சார்."

புத்தகத்தைத் திறந்து பார்த்தேன். முதல் வரியில் இருப்பது ஒளி, அதாவது வெளிச்சம். அடுத்த வரியில் இருப்பது ஒலி, அதாவது சத்தம். என் வாயில் இரண்டும் ஒன்றாகவே வந்திருக்கின்றன. நாக்கை மடித்துச் சொல்ல வேண்டிய ளகரத்தை நான் மடித்ததே இல்லை போலிருக்கிறது. மனைவியைக் கேட்டேன். "கல்யாணம் ஆன நாள்லேருந்து அப்படித்தான் பேசறீங்க. எனக்குப் புரியுது, அப்புறம் என்ன?" என்றாள். ரெஜினாவைக் கூப்பிட்டு என் தப்பைச் சொன்னேன். "சனிக்கிழம நேர்லயே வாங்க சார்" என்றாள்.

ஆகவே பேருந்தில் சன்னலோரம் உட்கார்ந்து, நாக்கை மேலண்ணத்தில் மடித்து, ஒளி, கிளி, வெள்ளி என்று முணுமுணுத்துக்கொண்டே போனேன். பக்கத்தில் இருந்த அம்மாள் இரண்டு நிறுத்தம் வரை பொறுத்துப் பார்த்தார்.

"இன்னா சார், பல்லு வலியா? லவங்கம் கீது, ஒண்ணு வெச்சுக்கிறியா?"

மறுக்க மனம் வரவில்லை. வாங்கி வாயில் அடக்கிக்கொண்டேன். தி.நகர் வரை மீதி வழி முழுதும் வாய் மரத்துக் கிடந்தது.

2.45, தி.நகர். மூன்று பாடங்களையும் உரக்கப் படித்ததில் ஒரு கோளாறு வந்துவிட்டது; ஊரே பாடமாகத் தெரிகிறது. உஸ்மான் சாலையில் ஓர் ஆட்டோ ஹாரனை விடாமல் அழுத்திக்கொண்டு என்னைத் தாண்டியது. நெருங்கும்போது கீச்சென்று இருந்த சத்தம், தாண்டிய அந்த நொடியில் ஒரு படி இறங்கிவிட்டது. வரும்போது அலைகள் நெருங்கி நெருங்கி வருகின்றன, போகும்போது இடைவெளி விட்டு வருகின்றன. ஓட்டுபவருக்கு அது ஒரே சத்தம்தான். தெருவில் நின்றவனுக்கு மட்டும் இரண்டு. இத்தனை வருடம் புடவைக் கடைக்கு வெளியே பைகளோடு நின்றிருக்கிறேன், ஒரு நாளும் இதைக் கேட்டதில்லை.

3.25, மயிலாப்பூர். மெட்ரோ வேலைக்காகச் சாலையைத் தகரத்தால் அடைத்து வைத்திருப்பதால் லஸ் முனைக்கு முன்பே இறங்கிக் குளத்துக்கு நடந்தேன். குளத்தைச் சுற்றிய கம்பியில் முகத்தை வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றேன். காற்றில் சிற்றலைகள் வரிசையாகக் கரைக்கு வந்தன. நடுவில் ஓர் அரச இலை. அலை வரும்போது ஏறியது, போனதும் இறங்கியது, நின்ற இடத்தைவிட்டு அதிகம் நகரவில்லை. அலை போகிறது, தண்ணீர் போவதில்லை என்று நான்தான் கணீரென்று படித்துப் பதிவு செய்தேன். அர்த்தம் இங்கே வந்துதான் விளங்கியது. வெயில் அந்த நீரில் பட்டுத் திரும்பி, படிக்கட்டுச் சுவரில் வலை மாதிரி நெளிந்துகொண்டிருந்தது. தமிழில் அலைக்கும் அலைவதற்கும் ஒரே சொல் என்பது அப்போது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. நேரம் போனதே தெரியவில்லை.

3.55. ஆட்டோ. நூற்றிருபது கேட்டார், தொண்ணூறுக்கு ஒத்துக்கொண்டார். எங்களுக்கு முன்னால் போன வேனின் முதுகில் 'ஒளி எழுப்பவும்' என்று மஞ்சள் பெயின்ட்டில் எழுதியிருந்தது. எனக்கு ஒரு சொந்தக்காரனைப் பார்த்த மாதிரி இருந்தது.

"அந்த வண்டியில எழுத்து தப்பா இருக்குங்க" என்றேன்.

"இன்னா சார் தப்பு? ஹாரன் அடின்னு போட்டுக்கீறான்."

"அது விளக்கைப் போடுன்னு ஆயிடும்."

"நான் ஹாரன் அடிச்சா அவனுக்குக் கேக்குது. அவ்ளோதான் சார் மேட்டரு." சொன்னதோடு நிற்காமல் அடித்தும் காட்டினார். தகர அடைப்பில் பட்டு அது எங்களுக்கே திரும்பி வந்தது.

4.20, பட்டினப்பாக்கம். கடலோரக் குடியிருப்பின் வாசலில் ரெஜினாவின் அம்மா மேரி மீன்கூடைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"வா சார். நீதானா அந்தக் கொரலு? போன்ல கேட்டா ஆளு நல்லா ஒசரமா இருப்பேன்னு நெனச்சேன்." மணல் பக்கம் கையைக் காட்டினார். "அங்க போட்டாண்ட குந்திக்கினு கீது பாரு."

ரெஜினா ஒரு படகின் பக்கத்தில், கடலைப் பார்த்து அமர்ந்திருந்தாள். நான் வாய் திறப்பதற்கு முன்பே "வாங்க சார், உங்க செருப்பு புதுசு" என்றாள். உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்டேன். இரண்டு நாளாகப் பழகுகிறேன், மூன்று பாடங்களையும் இங்கேயே திரும்பப் பதிவு செய்து தருகிறேன் என்று மைக்கை எடுத்தேன்.

"வேணாம் சார்" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. வேறு குரலைத் தேடிக்கொண்டாளோ என்று நினைத்தேன். அவள் சொன்னது வேறு. தேர்வு அறையில் கேள்வியைப் படித்துக் காட்டவும் விடையைக் குறிக்கவும் ஓர் ஆளைத் தருவார்கள். யார் வருவார் என்பது அன்றுதான் தெரியும்.

"போன தபா ஒரு அம்மா வந்தாங்க. 'ஒலியின் வேகம்'னு படிச்சாங்க. எந்த எழுத்துன்னு கேட்டேன். ஒலிதாம்மா, ஒலின்னு ரெண்டு தபா ஒரே மாதிரி சொன்னாங்க. பள்ளிக்கு வர்ற எழுத்தான்னு கேட்டேன். ஆமா, பல்லிக்கு வர்றதுதான்னாங்க. பல்லியா, பள்ளியா? டைம் போய்க்கினே இருந்துச்சு. எதையோ ஒண்ணப் போட்டேன். ஒரே ஒரு கேள்வியில போச்சு சார் வேலை."

அந்தக் கேள்விதானா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் இரண்டு வருடமாக அது ஒன்றுதான் காதில் நிற்கிறது என்றாள். அம்மாவுக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது, இன்னும் எத்தனை நாள் கூடை தூக்குவார் என்றும் சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"நல்லாச் சொல்றவங்க படிச்சா எனக்குப் பிரச்சனை இல்ல. உங்கள மாதிரி ஒருத்தர் வந்துட்டா? அதான் உங்களயே வரச் சொன்னேன். நாக்க மடிக்காம, எப்பவும் பேசற மாதிரி கேள்விங்களப் படிங்க. எதுன்னு நான் கண்டுபுடிக்கிறேன்."

என் வாழ்நாளில் என் தமிழுக்கு இப்படி ஒரு வேலை கிடைக்கும் என்று நான் நினைத்ததில்லை. புத்தகத்தை விரித்து, வெட்கத்தை மூட்டைகட்டி வைத்துவிட்டுப் படிக்க ஆரம்பித்தேன்.

காற்றில் போவதைவிட நீரில் வேகமாகப் போகும் என்றேன். "சத்தம். வெளிச்சம்னா தண்ணில மெதுவாயிடும்." குறுக்கலை என்றேன். "வெளிச்சம். சத்தம் முன்னப்பின்ன நெட்டித் தள்ளிக்கினு போறது." சுவரில் பட்டுத் திரும்புவது என்றேன். "இது ரெண்டுக்கும் உண்டு, அடுத்த வரியப் படிங்க." சொல்லைக் கேட்டு அல்ல, அது செய்யும் காரியத்தைக் கேட்டு ஆளை அடையாளம் கண்டாள்.

இருநூறு மீட்டர் தள்ளி ஒருவர் படகில் சுத்தியல் அடித்துக்கொண்டிருந்தார். அடி விழுவது முதலில் தெரிந்தது. அவர் கை மறுபடி மேலே போகும்போதுதான் சத்தம் வந்து சேர்ந்தது. அதை அவளிடம் சொன்னேன்.

"அப்போ நான் எல்லாத்தையும் லேட்டாதான் கேக்குறேனா?"

"அரை விநாடிக்குக் கொஞ்சம் கூட."

"நீங்க பாக்குறதும் லேட்டுதான சார்? சூரியன் எட்டு நிமிசம்னு நீங்கதான் படிச்சீங்க." முதுகில் விழுந்த வெயிலுக்குத் தோளைக் காட்டிக்கொண்டு சொன்னாள். எங்கள் நிழல்கள் தண்ணீரை எட்டியிருந்தன. அலைகள் வந்து விழுந்து, சுருண்டு, உள்ளே போயின. அந்த நேரத்தில் உலகமே எங்களுக்குச் சற்று முன்னால், நாங்கள் போய்ச் சேராத ஓர் இடத்தில் நடப்பது போல இருந்தது.

5.50. கடைசிக் கேள்வி. இருள் என்பது எது இல்லாத நிலை? விடைகளைப் படித்தேன். "அ, ஒலி. ஆ, ஒலி."

அவள் சிரித்தாள். பிறகு வெகுநேரம் யோசித்தாள்.

"கரண்ட் போனா வூட்ல எல்லாரும் இருட்டாயிடுச்சும்பாங்க சார். எனக்கு ஃபேன் சத்தம் நின்னுடும். அதுக்குப் பேருதான் இருட்டுன்னு ரொம்ப நாளு நெனச்சுக்கினு இருந்தேன்." மணலைக் கையில் அள்ளிக் கீழே விட்டாள். "எனக்குச் சத்தம் இல்லாததுதான் இருட்டு. உங்களுக்கு வெளிச்சம் இல்லாதது. பரீட்சைக்கு வெளிச்சம்னே போட்டுக்கிறேன்."

புத்தகத்தைப் பையில் வைக்கிற சாக்கில் குனிந்துகொண்டேன். பழைய பதிவுகளை அழிக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பினாள்.

6.30. திரும்பும் பேருந்தில் நான் எதையும் முணுமுணுக்கவில்லை. நந்தனம் சிக்னலில் நின்றபோது கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். இன்ஜின்கள், ஒரு விசில், பின் இருக்கையில் யாரோ வாழைப்பழம் உரிக்கும் சத்தம். அசோக் நகர் வந்ததை நடத்துநர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். எங்கள் வீட்டுத் தெரு வழக்கம்போல இருந்தது. ஆனால் கடல் அங்கே கேட்கவில்லை என்பது முதல்முறையாக எனக்கு உறைத்தது.

எட்டு நாள் கழித்து, ஞாயிறு, பிற்பகல் 1.25. கைபேசி அதிர்ந்தது.

"சார், முடிஞ்சிது. படிச்சுக் காட்டுனவரு அப்டியே உங்கள மாதிரி சார். எனக்குச் சிரிப்பே வந்துடுச்சு. அந்த வார்த்த வந்துச்சு, எதுன்னு கண்டுபுடிச்சுக் கரெக்டா போட்டுட்டேன். வேலை கெடச்சுரும்னு தோணுது."

எந்த வார்த்தை, எது விடை என்று கேட்டு அனுப்பினேன். இரண்டு விநாடியில் பதில் வந்தது. ஒரே ஒரு சொல். தெளிவாக, நிறுத்தி, சுத்தமாகத்தான் சொல்லியிருப்பாள். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நான்கு முறை கேட்டேன். ஒலியா, ஒளியா, எனக்குத் தெரியவில்லை. திரும்பக் கேட்க வெட்கமாக இருந்தது.

"ரொம்ப சந்தோஷம்மா" என்று பதில் அனுப்பினேன். அதில் எந்த லகரமும் கிடையாது. தைரியமாகச் சொன்னேன்.