எங்கள் வீட்டு மட்டிகள்

மாத்தளையிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் கடலைப் பார்க்க அரை நாள் ஓடவேண்டும். அப்படிப்பட்ட ஊரில், றத்தோட்டை வீதியில் இருந்த எங்கள் வீட்டு முன்னறையில், டீவி இருந்த மேசைமேல் கொஞ்ச காலம் கடல் மட்டிகள் குடியிருந்தன. டீவியை அலுமாரிக்கு மேல் ஏற்றிவிட்டார்கள். கழுத்து வலிக்க அண்ணாந்து நாடகம் பார்த்த அம்மாவைத் தவிர வேறு யாருக்கும் அதில் மனக்குறை இருக்கவில்லை.

உண்மையில் அந்த மட்டிகள் கறிக்காக வந்தவை.

சித்தப்பா ஒரு சின்ன லொறி வைத்திருந்தார். தம்புள்ளையில் மரக்கறி ஏற்றித் திருகோணமலையில் இறக்குவது தொழில். இறக்கப்போன இடத்தில் சித்தியைப் பார்த்துவிட்டார். இரண்டு வீட்டாரும் சில காலம் முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டு, பிறகு இறக்கி வைத்து, கல்யாணத்தை நடத்திக்கொடுத்தார்கள். சித்தியின் அப்பா மீன்பிடிப்பவர். வாசலில் இருந்து கல்லெறிந்தால் கடலில் விழும் என்பாள் சித்தி. எங்கள் வீட்டுக்கு வந்தபின் எல்லாரோடும் சிரித்துத்தான் பேசினாள். ஆனால் சாப்பிட உட்கார்ந்தால் சோற்றை விரலால் அளைந்துகொண்டே இருப்பாள். அவளுடைய கல்யாண வளையல்கள் முழங்கைவரை ஏறத் தொடங்கின. எனக்கு அது வேடிக்கையாக இருந்தது.

வீட்டுக்குப் பெரியவர் என் அப்பா. டவுனில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். சாமானோடு ஊர்ப்பேச்சும் வந்து சேரும் இடம் அது. கல்யாணமான புதிதில் சித்தி அடுத்தடுத்துத் தாய்வீட்டுக்குப் போய்வந்தாள். கடைக்கு வந்த யாரோ ஒருவர், "தம்பி பொண்டாட்டி கோவிச்சுக்கிட்டுப் போயிருச்சாமே?" என்று கேட்டுவிட்டார். அன்றைக்கே அப்பா சட்டம் போட்டார்.

"பொங்கலுக்கும் தீவாளிக்கும் போயிட்டு வரட்டும். மத்த நேரம் போன்ல பேசிக்கட்டும்."

சித்தப்பா அண்ணனை எதிர்த்துப் பேசிப் பழகாதவர். தலையைச் சொறிந்துகொண்டு லொறியைக் கழுவப் போய்விட்டார்.

அந்த நேரத்தில்தான், மகளுக்குப் பிடிக்குமே என்று சித்தியின் அப்பா ஒரு வாளி கடல் தண்ணீரில் உயிர்மட்டிகளைச் சித்தப்பாவிடம் கொடுத்துவிட்டார். கறுப்பும் பச்சையுமாகப் பளபளக்கும், என் கட்டைவிரலைவிடப் பெரிய ஓடுகள். மசாலா அரைத்தாயிற்று, தேங்காய் துருவியாயிற்று. மட்டியை எடுக்கப் போன அம்மா, வராத கொடியைப் பிடுங்குகிறவள்போல வாளியோடு மல்லுக்கட்டினாள். வழிநெடுக வந்த களைப்பில் அவை மெல்லிய நார்களை விட்டு வாளியின் சுவரிலும் ஒன்றோடொன்றும் தம்மைக் கட்டிக்கொண்டிருந்தன.

"ஐயோ, கையக் கோத்துக்கிட்டு இருக்குதுங்கம்மா! பிரிக்காதீங்க!" என்று நான் அழத் தொடங்கினேன்.

வாளியின் பக்கத்தில் சித்தி குந்தியிருந்தாள். விரல்களைத் தண்ணீரில் நனைத்து மூக்கருகே கொண்டுபோனாள். கண்ணை மூடிக்கொண்டாள். சித்தப்பா அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு ஏதோ பெரிய விஷயம் கண்டுபிடித்தவர்போல, "புள்ள அழுவுது. இத வளப்போமே" என்றார்.

கறிக்கு வந்ததை வளர்க்கும் கதையைக் கேட்டு வீடே சிரித்தது. சித்தப்பா மட்டும் சிரிக்கவில்லை. கண்டிக்குப் போய்க் கண்ணாடித் தொட்டியும் காற்று ஊதும் சின்ன மோட்டாரும் வாங்கிவந்தார். தொட்டியை நிரப்பிவிட்டு அப்பாவிடம் மிகவும் அடக்கமாகச் சொன்னார்: "அண்ணே, கெணத்துத் தண்ணில உப்பப் போட்டா எல்லாம் செத்துப்போயிரும். கடல் தண்ணிதான் வேணும். அடிக்கடி மாத்தணும். எந்த எடத்துல நல்ல தண்ணின்னு எனக்குத் தெரியாது. அவளுக்குத்தான் தெரியும்."

அப்பா என் முகத்தைப் பார்த்தார். நான் இன்னும் கொஞ்சம் அழுதேன்.

"சரி, தண்ணி எடுத்துக்கிட்டு வரட்டும்" என்றார்.

அதன்பின் வெறும் பிளாஸ்டிக் தண்ணீர்க் கான்களோடு லொறி போகும்போது முன்சீட்டில் சித்தி இருப்பாள். கான்கள் நிறைந்து வரும். சித்தியும் நிறைந்து வருவாள். ஒரு ஜாடிக் கடல் தண்ணீரை ஜன்னலோரம் வெயிலில் வைத்துப் பாசி பிடிக்கவிட்டு, அந்தப் பச்சைத் தண்ணீரை மட்டிகளுக்குக் கரண்டியால் ஊற்றுவாள். ஓடுகள் மெல்லத் திறக்கும். சட்டை ஓரத்தில் தைத்த லேஸ்போல ஏதோ ஒன்று வெளியே எட்டிப்பார்க்கும். பின்னேரத்துக்குள் தொட்டி கண்ணாடிபோல் தெளிந்துவிடும்.

இதில் கடைசியாக மயங்கியவர் அப்பாதான். கடையிலிருந்து வந்ததும் பிளேன்டீயோடு தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவார். நிழல் விழுந்தால் மட்டிகள் வாயை மூடிக்கொள்ளும் என்று கண்டுபிடித்த நாளிலிருந்து, முன்னறையில் யாரும் நேராக நடக்க முடியவில்லை. "சுத்திப் போங்க, சுத்திப் போங்க! சாப்புடுறாங்க" என்பார். எங்களுக்கு ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பிறகு, கோயில் திருவிழாவுக்கு வந்த ஒரு பெரியத்தை, "புதுப்பொண்ணு வீட்டுல இருக்காளா, லொறியில இருக்காளா?" என்று கேட்டுச் சிரித்தாள். அப்பாவின் முகம் சுருங்கிவிட்டது. அடுத்த முறை தண்ணீருக்குத் தம்பி தனியாகப் போனால் போதும் என்று சொல்லிவிட்டார். சித்தி கான்களைக் கழுவி லொறியில் வைத்தாள்.

சித்தப்பா தனியாகப் போய்த் தனியாக வந்தார். வழியெல்லாம் வெயில். கான்கள் தொட்டால் சுட்டன. அவர் வந்த வேகத்தில், இருந்த கோபத்தில், ஆறவிடாமல் அப்படியே தொட்டியில் ஊற்றினார். கொஞ்ச நேரத்தில் ஒரு மட்டியிலிருந்து வெள்ளைப் புகைபோல ஏதோ கிளம்பியது. பிறகு இன்னொன்றிலிருந்து. பிறகு எல்லாவற்றிலிருந்தும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே தொட்டி முழுக்கப் பாலாகிவிட்டது.

"யாரு இதுக்குள்ள பால ஊத்துனது?" என்று அப்பா போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப்பார்த்தார்கள். என் கையில் துரதிர்ஷ்டவசமாகப் பால் கோப்பை இருந்தது. நான் கோப்பையைக் காட்டிக் காட்டி அழுதேன். சித்தப்பாவின் முகத்தில் இரத்தமே இல்லை.

குசினியில் சமைத்துக்கொண்டிருந்த சித்தி வந்து குனிந்து பார்த்தாள். நிமிரும்போது அவள் உதடு ஓரத்தில் ஏதோ நெளிந்ததை நான் பார்த்தேன்.

"தண்ணி சரியில்ல போல, அத்தான்" என்றாள் அப்பாவிடம் மெதுவாக. "இவருக்கு இடம் தெரியாதுதானே."

அப்பா ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. "இப்பவே ரெண்டு பேரும் கெளம்புங்க. நல்ல தண்ணியாப் பாத்து எடுத்துட்டு வாம்மா. இந்தப் புள்ளையையும் கூட்டிட்டுப் போங்க, அழுது வீட்ட ரெண்டாக்குது."

லொறி டவுனைத் தாண்டியதும் சித்தி என் காதில் கிசுகிசுத்தாள்: "பயப்படாத. அதுகள் முட்டை விடேக்க இப்பிடித்தான் பால் மாதிரிக் கலங்கும். எங்கட வீட்டு வாளியில எத்தினை தரம் பாத்திருக்கன். தண்ணி மாத்தினாச் சரி."

"அப்ப அப்பாக்கிட்ட ஏன் சொல்லல?"

"கடல் வருது பார்!" என்று ஜன்னலைக் காட்டினாள். நாங்கள் அப்போது மாத்தளையை அடுத்த நாலந்தாவைக்கூடத் தாண்டவில்லை.

கடல் கடைசியில் வந்தது. நான் செருப்போடு ஓடி இறங்கினேன், ஒரு செருப்பைக் கடலுக்கே கொடுத்தேன். சித்தியின் அம்மா அவளைக் கட்டிப்பிடித்தவள் விடவேயில்லை. அவள் அப்பா சுடச்சுட மீன் பொரித்துத் தந்தார். சித்தி இரண்டாம் தரமும் சோறு போட்டுச் சாப்பிட்டாள். எனக்கோ கான்கள்தான் கவலை. "தண்ணி எடுக்கலையா?" என்று ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்டேன். பெரியவர்கள் எவ்வளவு மறதிக்காரர்கள் என்று அன்று எனக்கு வருத்தமாக இருந்தது.

மறுநாள் திரும்பிவந்து தண்ணீரை மாற்றினோம். மட்டிகள் ஒவ்வொன்றாக வாயைத் திறந்தன. அப்பா குழந்தைபோலக் கைதட்டினார்.

பிறகொரு நாள் காற்று மோட்டார் நின்றுபோனது. அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு கண்டிக்குப் போனார். மீன்தொட்டிக் கடைக்காரர் புது மோட்டாரை எடுத்து வைத்துவிட்டு, மட்டிக் கதை முழுவதையும் கேட்டு ஆச்சரியப்பட்டார்.

"ஏன் முதலாளி, திருகோணமலையில இருந்தா தண்ணி சொமக்கிறீங்க? இந்தா இருக்குதே கடல் உப்பு. பச்சத் தண்ணில கலந்தாப் போதும். தொட்டி வாங்கின அன்னைக்கே உங்க தம்பிக்கிட்ட இதச் சொன்னேனே!"

அப்பா அந்த உப்புப் பாக்கெட்டை வாங்கி முன்னும் பின்னும் திருப்பி வெகுநேரம் படித்தார். பிறகு அது இருந்த இடத்திலேயே நேராக வைத்தார்.

"எங்க மட்டிக்கு இது சரிவராது, தம்பி."

"சரிவரும், முதலாளி. எல்லாரும் இதத்தானே..."

"வராது" என்றார் அப்பா.

வீட்டுக்கு வரும் பஸ்ஸில் அவர் தனக்குள்ளே சிரித்துக்கொண்டு வந்தார். எனக்கு வடை வாங்கித் தந்து, "அந்த உப்புக் கதைய வீட்டுல யார்கிட்டயும் சொல்லிராத" என்றார். நான் தலையாட்டினேன். மட்டியைப் பற்றி ஒன்றும் தெரியாத அந்தக் கடைக்காரரின் மானத்தை என் அப்பா காப்பாற்றுகிறார் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

அடுத்த முறை லொறி கிளம்பியபோது அப்பாவே கான்களை ஏற்றிவைத்தார். "அவசரமில்லம்மா. ரெண்டு மூணு நாள் நின்னு, நல்ல தண்ணியாப் பாத்து எடுத்துட்டு வா" என்றார். சித்தி அவரை நிமிர்ந்து பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. தண்ணீர் எடுக்க ஏன் அத்தனை நாள் என்று நான் யோசித்தேன். கடல் பெரிதுதானே, நல்ல தண்ணீர் எங்கே இருக்கிறதென்று தேடவேண்டாமா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கையசைத்தேன்.