ஆரணியில் நாற்பது பேரைத் தேடி

வேலூரில் ஒரு சிறு தொண்டு நிறுவனத்தில் பதினாறு வருடமாகச் சுகாதாரக் கல்வியாளராக இருக்கிறேன். அது என்ன வேலை என்று கேட்காதீர்கள். நான் சொட்டு மருந்து ஊற்றுகிறேன் என்றுதான் என் மாமியார் இன்னமும் ஊருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

2007 ஆகஸ்டில் எங்கள் இயக்குநர் கூப்பிட்டார். "டிவியே எல்லாத்தையும் சொல்லிடுதும்மா. இதுக்குத் தனியா ஒரு ஆள் எதுக்குன்னு பணம் குடுக்கறவங்க கேக்கறாங்க. ஆரணியில நெசவாளருங்களுக்கு சர்க்கரை நோய் கூட்டம் ஒண்ணு போடு. நாப்பது பேர் கையெழுத்தோட வந்தா, உன் வேலைக்காகப் பேசிப் பாக்கறேன்" என்றார்.

அடுத்த வியாழக்கிழமை காலை 7.40க்கு வேலூரில் பஸ் ஏறினேன். நாற்பது கிலோமீட்டர், டிக்கெட் பதின்மூன்று ரூபாய். கண்ணமங்கலத்தில் டிரைவர் டீ குடிக்கப் பத்து நிமிடம். ஆரணியில் இறங்கும்போது மணி ஒன்பது. மண்டபத்துக்கு ஆட்டோவில் இருபத்தைந்து ரூபாய் கொடுத்தேன். நீங்கள் கொடுக்காதீர்கள். நடந்தால் எட்டே நிமிடம்.

பத்து மணிக்குக் கூட்டம். பத்தே முக்காலுக்கு வந்திருந்தவர் ஒரே ஒருவர்: மண்டபத்து வாட்ச்மேன். வருகைத்தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு, "வேணும்னா இன்னும் நாலு போடட்டாங்க? எடது கையாலயும் போடுவேன்" என்றார்.

வேண்டாம் என்றேன். மனசில்லாமல்தான் சொன்னேன்.

"தறிய வுட்டுட்டு பகல்ல யாரு மண்டபத்துக்கு வருவாங்க? சும்மா கீறவங்கல்லாம் பஸ் ஸ்டாண்டாண்ட பொடிக்காரன் பேச்ச கேட்டுகினு நிக்கிறாங்க" என்றார் அவர்.

கூட்டத்தில் காட்டக் கொண்டுபோன படச்சுருளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கே திரும்பினேன். அங்கே டிவிஎஸ் ஃபிப்டியில் ஒலிபெருக்கி கட்டி முப்பது வயதுக்காரர் ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். பெயர் முனிரத்னம். நாவல்கொட்டைப் பொடி விற்கிறார். வேளைக்கு ஒரு ஸ்பூன், சர்க்கரை நோய் ஓடியே போகும் என்றார். சுற்றிலும் ஐம்பது பேருக்குக் குறையாது. பதினாறு வருடத்தில் எனக்கு அப்படி ஒரு கூட்டம் வந்ததில்லை. பொறாமையாக இருந்தது என்பதை மறைப்பானேன்?

அவர் தண்ணீர் குடிக்க நிறுத்தியபோது பக்கத்தில் போய், "தம்பி, எனக்குப் பத்து நிமிஷம் மைக் கொடுங்க" என்றேன்.

"இன்னா விக்கிறீங்க?"

"ஒண்ணும் விக்கல."

"ஒண்ணும் விக்காம எதுக்குங்க பேசணும்?" உண்மையிலேயே அவருக்குப் புரியவில்லை. ஆனாலும் நல்ல மனுஷர். "எனக்கும் தொண்ட கட்டிக்கினு கீது. பேசுங்க, நான் ஒரு டீ அடிச்சிட்டு வரேன்" என்றவர், "வேலூர்லேர்ந்து பெரிய டாக்டரம்மா வந்துகீறாங்க!" என்று அறிவித்துவிட்டுப் போனார்.

நான் டாக்டர் இல்லை என்றேன். ஆறு பேர் உடனே கிளம்பினார்கள்.

மீதிப் பேரும் போய்விடுவார்களே என்ற பயத்தில் படச்சுருளை மறந்தேன். "எல்லாரும் செருப்பைக் கழட்டி உள்ளங்காலைப் பாருங்க" என்றேன். தறிக்காரர்கள் தறிக்கு அடியில் வெட்டிய பள்ளத்தில் காலை விட்டு நாள் முழுக்க மிதிகட்டையை வெறுங்காலால் மிதிக்கிறவர்கள். சர்க்கரை கூடினால் கால் மரத்துப்போகும், எது குத்தினாலும் தெரியாது. மிச்சமிருந்த நாற்பத்துச் சொச்சம் பேர் ஆளுக்கொரு தோளைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் ஆடினார்கள். பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் ஏதோ வேண்டுதல் என்று நினைத்திருப்பார்கள். எல்லாரும் சிரித்தார்கள், ஏகாம்பரம் என்ற நெசவாளரைத் தவிர.

அவர் குதிகாலில் ஒரு ஸ்டேப்ளர் பின் முழுசாக இறங்கியிருந்தது. சேலைப் பெட்டியில் அடிக்கிற பின். சுற்றிலும் சீழ்.

"எப்பக் குத்திச்சின்னே தெரியலியே" என்றார். அப்புறம் மெதுவாக, "இந்தப் பொடிய நம்பி ரெண்டு மாசமா மாத்திரைய நிறுத்திட்டேங்க. நிறுத்தலாம் தான?" என்று கேட்டார்.

டீ கிளாசுடன் முனிரத்னம் என் பக்கத்தில் வந்து நின்றிருந்தார். மைக் அவருடையது, கூட்டம் அவருடையது. ஆனால் அந்தக் குதிகால் கண்முன்னால் இருந்தது.

"நிறுத்தக் கூடாதுங்க. எந்தப் பொடிக்காகவும் நிறுத்தக் கூடாது."

கையில் பாக்கெட் வைத்திருந்தவர்கள் எல்லாரும் முனிரத்னத்தைப் பார்த்தார்கள். "மைக் குடுத்தவனுக்கே ஆப்பு வச்சிட்டீங்களே, மேடம்!" என்றவர், திரும்பி வந்த பாக்கெட்டுகளைப் பையில் திணித்துக்கொண்டு களம்பூர்ப் பக்கம் வண்டியை விட்டார். மன்னிப்புக் கேட்கலாமா என்று யோசித்தேன். கேட்கவில்லை.

போனவர்கள் போக நின்றவர்களிடம் அவசரமாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, ஏகாம்பரத்தை ஆட்டோவில் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். பின்னை எடுத்துக் கட்டுப் போட ஒன்றரை மணி நேரம். இன்னும் பத்து நாள் விட்டிருந்தால் காலையே எடுக்க வேண்டி வந்திருக்கும் என்று டாக்டர் அவரைத் திட்டினார், நியாயமாகத்தான். வெளியே வந்ததும் அவர் கேட்டார்: "மண்டபம்லாம் எதுக்குங்க? எங்க தெருவுக்கு வாங்க. தறிலயே குந்திகினு இருப்போம், கால் அங்கயேதான் கீது. நீங்க பாருங்க."

அன்றைக்கே போனேன். டார்ச் அடித்துப் பள்ளத்துக்குள் குனிந்து குனிந்து ஒன்பது பேரின் கால்களைப் பார்த்தேன். ஒரு அம்மா, "அய்ய, இருங்க, கழுவிட்டு வரேன்" என்று வெட்கப்பட்டு எழுந்தோடினார்.

பஸ் ஸ்டாண்டில் போட்டதையும் சேர்த்து முப்பத்துமூன்று கையெழுத்து. ஏழு குறைவு. இயக்குநர் தாளை நீட்டி மடக்கிப் பார்த்துவிட்டு, பணம் கொடுக்கிறவர்களிடம் பேசி என் வேலைக்கு இன்னும் ஆறு மாதம் வாங்கித் தந்தார். அதற்குப் பிறகு இந்த வேலை இருக்குமா என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. டிவி எத்தனை முறை சொன்னாலும் பள்ளத்துக்குள் அதனால் குனிய முடியாது. அதை மட்டும் அறிக்கையில் எழுதினேன்.

என்னைப் போல இந்த வேலையாக ஆரணி போகிறவர்களுக்கு: மண்டபம் பிடிக்காதீர்கள். டார்ச்சும், உள்ளங்காலைக் காட்ட ஒரு கைக்கண்ணாடியும் போதும். பகல் ஒரு மணிக்குமேல் தெருவுக்குள் போகாதீர்கள், சாப்பிடாமல் விடமாட்டார்கள். வேலூருக்குக் கடைசியாக எத்தனை மணிக்குப் பஸ் என்று இறங்கும்போதே கேட்டுவையுங்கள். நான் வியாழன்தோறும் போகிறேன். ஏகாம்பரம் தெருவில் இன்னும் பதினோரு தறி பாக்கி.