507-ஆம் எண்காரர்

கணினி சர்வரைக் கட்டி மேய்க்கும் என் சக பாவிகளுக்குத் தெரியும்: பூட்டு உடைந்தால்கூடச் சமாளிக்கலாம், சாவி யார் பெயரில் இருக்கிறது என்று தெரியாவிட்டால்தான் ஆபத்து.

பெயர் போன பிறகு

தொண்ணூறுகளின் நடுவில் நியாலாஸ் என்ற ஊர்ப் பக்கம் ஒரு செம்பனை ஆலை அலுவலகத்தில் சேர்ந்தேன். எனக்கு முன்பு சர்வரைப் பார்த்துக்கொண்டிருந்த குணா, மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. எல்லாருடைய கடவுச்சொற்களும் இருக்கும் கோப்பைப் பார்த்தேன். அது 'ரூட்' என்கிற தலைமைக் கணக்கின் பெயரில் இருக்க வேண்டும். குணாவின் பெயரில் இருந்தது.

முதலில் கோப்பை ரூட் பெயருக்கு மாற்றியிருக்க வேண்டும். நானோ குணாவின் கணக்கை மட்டும் அழித்துவிட்டு, வேலை முடிந்தது என்று நினைத்தேன். சர்வர் ஆட்களைப் பெயரால் அல்ல, எண்ணால்தான் அடையாளம் வைத்திருக்கும்; உரிமையாளர் பெயர் இருந்த இடத்தில் இப்போது குணாவின் எண்ணான 507 மட்டும் நின்றது. பக்கத்து மேசை லெட்சுமி அக்கா திரையை எட்டிப் பார்த்தார்.

"பேரத்தான் அழிச்சிருக்கீங்க தம்பி. ஆளு உள்ளதான் இருக்காரு."

மலரின் கடிதங்கள்

அடுத்த வாரம் சிம்பாங் அம்பாட்டிலிருந்து மலர் தட்டச்சு வேலைக்கு வந்தாள். புதுக் கணக்கு திறந்து கொடுத்தேன். மதியம் என்னைக் கூப்பிட்டாள். அலுவலகக் கடிதங்களின் பட்டியல் திரையில் இருந்தது. அவள் விரல் ஒவ்வொரு வரியாக இறங்கியது. எல்லாம் பழைய தேதிகள், எல்லாவற்றின் பக்கத்திலும் அவள் பெயர். ஏசியை அணைக்கச் சொன்னாள், குளிருகிறதாம்.

"நான் வேலைக்கு வர்றதுக்கு நாலு மாசம் முன்னாடியே இங்க கடிதம் எழுதியிருக்கேன், அண்ணே."

எண் மாற்றம்

கடவுச்சொல் கோப்பு யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்தேன். உரிமையாளர்: மலர். காலியாகக் கிடந்த 507-ஐ சர்வர் அவளுக்குக் கொடுத்திருந்தது. குணா எழுதிய கடிதங்கள் உட்பட அவர் உடைமை முழுவதும் அவளுக்குப் போயிருந்தது. அதற்குள் விஷயம் மானேஜர் காதுக்கு எட்டி, புதுப் பெண் மற்றவர்களின் கடவுச்சொற்களைத் திருடப் பார்த்தாள் என்று அவர் அவளை வீட்டுக்கு அனுப்பத் தயாராகிவிட்டார். தப்பு என்னுடையது என்று எழுதிக் கொடுத்தேன். அவர் அவளை விட்டுவிட்டு, தாளை மடித்து என் பெயர் போட்ட ஃபைலில் வைத்தார்.

கோப்பை ரூட் பெயருக்கு மாற்றி, வேறு யாரும் படிக்க முடியாதபடி அடைத்தேன். 507 இறந்துபோன குணாவின் எண், இனி பயமில்லை என்று மலரிடம் சொன்னேன். அவள் நாற்காலியில் உட்காரவே இல்லை.

"எனக்கு வேற நம்பர் குடுங்கண்ணே. இது அவரோடதாவே இருக்கட்டும் லா."

ஒருவரின் கணக்கை மூடும் முன் அவர் பெயரில் என்னென்ன இருக்கிறது என்று பார்ப்பதைத்தான் எங்கள் தொழிலில் பேயோட்டுவது என்கிறேன் நான்.