பெட்டி வீட்டுக்கு நான்கு கால்

திரைக்காரம்மா ஒரு வீட்டுக்கு ஜன்னல் அளக்கப் போனால் உடனே நாடாவை எடுக்க மாட்டாள். அந்த ஜன்னலுக்கு வெளியே என்ன இருக்கிறது என்று முதலில் ஒரு நிமிஷம் பார்ப்பாள். பல வீடுகளில் அடுத்த வீட்டுச் சுவர்தான் தெரியும். சில வீடுகளில் ஏரி தெரியும், ரயில் பாதை தெரியும். ஒரு வீட்டின் மூன்றாம் மாடியிலிருந்து விமானங்கள் இறங்குவது தெரிந்தது. வீட்டுக்காரர்கள் துணியின் நிறத்தைப் பற்றி ஆளுக்கொரு பக்கம் பேசிக்கொண்டிருக்க, இவள் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு வெளியே பார்த்தபடி நிற்பாள். பிறகு அகலமும் உயரமும் எழுதிக்கொண்டு வீட்டுக்கு வந்து, சுவரைப் பார்த்துப் போட்ட தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து, அந்தக் காட்சியை மறைப்பதற்கான துணியைத் தைப்பாள். இருபத்திரண்டு வருஷமாக இதுதான் பிழைப்பு.

அவள் புருஷனைக் கேட்டுக்காரர் என்றால்தான் தெருவில் தெரியும். கேட், ஜன்னல் கம்பி, மாடிப்படிக் கைப்பிடி எல்லாம் செய்வார். புது வீடு ஒன்று எழும்பினால், ஒரே ஜன்னலுக்கு வெளியே அவர் கம்பி போடுவார், உள்ளே இவள் திரை போடுவாள். நாம் இரண்டு பேரும் கை வைத்த வீட்டுக்குள் காற்று நுழைவதே பெரும்பாடு என்று அவர் சொல்லிச் சிரிப்பார்.

இவள் அதிகம் பேசுகிறவள் இல்லை. எது வேண்டும் என்று கேட்டால் "எதுன்னாலும் சரி" என்பாள். அதனால் பெட்டி வீடு வந்த அன்று அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டுக்காரரே அசந்துபோனார்.

அந்தப் பெட்டி, பிக்கப் வண்டியின் முதுகில் ஏற்றி வைக்கும் ஒரு மர அறை. ஊர் ஊராகப் போய்ப் புகைப்படம் எடுத்துக்கொண்டிருந்த ஒருவர், இனி அலையப் போவதில்லை என்று முடிவெடுத்ததும், தன் வீட்டுக்குக் கேட் செய்து தந்தவரிடம் அதைத் தள்ளிவிட்டார். உள்ளே இரண்டு பேர் படுக்க ஒரு பலகை, ஓர் அலமாரி, தலைமாட்டில் ஒரு ஜன்னல். ஜன்னல் என்னவோ ஒன்றுதான். ஆனால் வண்டியை எங்கே நிறுத்துகிறோமோ அதுதான் அதற்கு வெளியே தெரியும். திரைக்காரம்மா உள்ளே ஏறி, படுத்துப் பார்த்து, இறங்கி வந்து, கேட்காமலே வாயைத் திறந்தாள்.

"என்னங்க, சனிக்கிழமை ஏரிக்குப் போலாமா?"

போனார்கள். வந்தார்கள். சிக்கல் அதன் பிறகுதான் வந்தது. திங்கள் முதல் வெள்ளி வரை வண்டி கேட் சுமக்க வேண்டும், அதற்குப் பெட்டியை இறக்க வேண்டும். இறக்க எட்டு ஆள் தேவை. முதல் வாரம் தெருவே கூடி, சிரித்துப் பேசி இறக்கி வைத்தது. இரண்டாம் வாரம் ஆறு பேர் வந்தார்கள். மூன்றாம் வாரம் இவர்கள் வண்டியின் சத்தம் தெருமுனையில் கேட்டதுமே ஒருவர் குளிக்கப் போனார், ஒருவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது, எதிர்வீட்டுக்காரர் தன் வீட்டிலேயே இல்லை என்று தன் வாயாலேயே உள்ளிருந்து சொன்னார். பெட்டி ஒரு வாரம் முழுக்க வண்டியிலேயே கிடந்தது. கேட்டுகளைக் கைவண்டியில் தள்ளிக்கொண்டு போனார் கேட்டுக்காரர்.

இதைக் கேள்விப்பட்டு அவளுடைய அண்ணன் அண்ணியோடு வந்தார். அண்ணனுக்கு மரக்கடை. ஆள் நூற்றுப் பத்துக் கிலோ, பாசம் அதற்கு மேல். கடை வாசலில் காவல்காரனுக்கு ஒரு அறை இல்லாமல் அவர் தவித்துக்கொண்டிருந்தார். பெட்டியைச் சுற்றி வந்து தட்டிப் பார்த்தார்.

"மாப்ள, இதை வச்சுக்கிட்டு நீங்க ஏன் அல்லாடணும்? என்கிட்ட குடுத்துடுங்க. வாழ்நாள் பூரா ஒரே இடத்துல நிக்கட்டும்."

கேட்டுக்காரர் தலையைச் சொறிந்தார். அவர் சரி என்று சொல்லிவிடுவதற்குள் திரைக்காரம்மா முன்னால் வந்தாள். அண்ணனிடம் அவள் இதுவரை எதையும் மறுத்ததில்லை.

"அடுத்த ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறுங்கண்ணே" என்றாள். "யாரையும் கூப்பிடாம நாங்களே இறக்கிக் காட்டறோம். முடியலைன்னா நீங்க எடுத்துட்டுப் போங்க."

அண்ணன் தங்கையையே பார்த்தார். அவளா பேசியது என்று அண்ணியிடம் கண்ணாலேயே கேட்டார். பிறகு சரி என்று கை கொடுத்தார்.

அன்று மத்தியானமே பட்டறைத் தரையில் சாக்பீஸால் படம் விழுந்தது. பெட்டி வண்டியைவிட இரண்டு பக்கமும் ஒரு சாண் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அந்த நீட்டலுக்குக் கீழே பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு இரும்புக் குழாய்கள், அவற்றைத் தாங்க நான்கு கால்கள், ஒவ்வொரு காலுக்கும் அடியில் ஒரு திருகு ஜாக்கி. வண்டி பின்பக்கமாக நான்கு கால்களுக்கு நடுவே வந்து நிற்கும். ஜாக்கிகளைத் திருகினால் சட்டம் உயர்ந்து பெட்டியைத் தூக்கிக்கொள்ளும். வண்டி வெறும் முதுகோடு முன்னால் ஓடி வந்துவிடும்.

கேட்டுக்காரர் இதுவரை செய்ததெல்லாம் தன் எடையை மட்டும் சுமக்கும் சாமான்கள். இது ஒரு வீட்டையே சுமக்க வேண்டும். அதனால் கனமான சதுரக் குழாயாகப் பார்த்து வாங்கினார், மூலைக்கு மூலை சாய்வுத் துண்டு வைத்தார். இவள் குழாயின் நுனியைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள், அவர் வெல்டிங்கில் புள்ளி வைப்பார். முழுசாகப் பற்ற வைக்குமுன் இவள் தன் நாடாவால் மூலைவிட்டம் இரண்டையும் அளந்தாள். திரைத்துணி கோணலா என்று பார்ப்பதும் அப்படித்தான். கால் இஞ்ச் வித்தியாசம் இருந்தது. அவர் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டிச் சரிசெய்தார். வண்டி நுழைய முன்பக்கம் திறந்தே இருக்க வேண்டும் என்பதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. முப்பது வருஷத்தில் நாலு பக்கமும் மூடாமல் ஒரு சட்டம்கூட அவர் பட்டறையைத் தாண்டியதில்லை. போகிற போக்கில் அதைப் பார்த்துப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

கேட்டுக்கும் தரைக்கும் நடுவே அவர் அரை இஞ்ச் விடுவது வழக்கம். இங்கே பெட்டி உரசிவிடுமோ என்று பயந்து, குழாய்க்கும் பெட்டிக்கும் நடுவே இரண்டு இஞ்ச் விட்டார். இரும்பு என்றால் நாளாக ஆக இறங்கும், அதற்கும் இடம் வேண்டும் என்பது அவர் கணக்கு.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அண்ணனும் அண்ணியும் வந்துவிட்டார்கள். அண்ணன் கையில் ஒரு பெரிய கயிற்றுச் சுருள். வெறுங்கையோடு திரும்புகிற எண்ணமே இல்லை.

வண்டி சட்டத்துக்குள் போய் நின்றது. கேட்டுக்காரர் இந்தப் பக்கம் இரண்டு ஜாக்கி, திரைக்காரம்மா அந்தப் பக்கம் இரண்டு. பத்துச் சுற்று இது, பத்துச் சுற்று அது என்று மாறி மாறித் திருகினார்கள். இரண்டு இஞ்ச் உயர்ந்ததும் குழாய் பெட்டியைத் தொட்டது. மரம் முனகியது. பெட்டி மெல்ல மேலே எழுந்தது. இன்னும் திருகினார்கள். மூன்று இஞ்ச், நான்கு, ஐந்து, ஆறு. அதோடு ஜாக்கியின் மரை தீர்ந்துவிட்டது, மேலே திருக இடமில்லை.

கேட்டுக்காரர் குனிந்து பார்த்தார். பெட்டியின் அடிப்பலகை வண்டியின் முதுகிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது.

"தூக்கத் தூக்க வண்டியும் கூடவே ஏறி வருதும்மா" என்றார் பரிதாபமாக.

அதுதான் விஷயம். பெட்டியின் பாரத்தில் அமுங்கிக் கிடந்த வண்டியின் ஸ்பிரிங், பாரம் குறையக் குறைய நிமிர்ந்துகொண்டே வந்திருக்கிறது. அவருடைய முப்பது வருஷத்தில் எல்லாம் இறங்கித்தான் பார்த்திருக்கிறார். தானாக மேலே ஏறும் ஒன்றுக்கு அவர் கணக்கில் இடமே இல்லை.

அண்ணன் சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. கூப்பிடு தூரத்தில் எட்டுப் பேர் ஒளிந்திருப்பதாகச் சொன்ன அண்ணன், வேண்டுமானால் ஒவ்வொருவராகப் பிடித்துக்கொண்டு வரட்டுமா என்று கேட்டார். சிரித்துக் களைத்து, வண்டியின் பின்படியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

திரைக்காரம்மா அழுகையை அடக்கிக்கொண்டு பக்கவாட்டில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். பெட்டிக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு கோடு வெளிச்சம் தெரிந்தது. அந்தப் பக்கச் சுவரின் பச்சை வர்ணம் அதில் தெரிந்தது. அண்ணன் எழுந்தார், கோடு மறைந்தது.

"அண்ணே, இன்னொரு தடவை உக்காருங்க."

"ஏன் பாப்பா?"

"சும்மா உக்காருங்க."

உட்கார்ந்தார். வெளிச்சம் வந்தது. அவள் புருஷனைப் பார்த்துக் கையை அசைத்தாள். அவர் அவசர அவசரமாக வண்டியில் ஏறிக் கிளப்பினார். வண்டி ஒரு சாண் நகர்ந்ததும் அண்ணனின் முதுகு பெட்டியின் கதவில் மோதியது.

"மாப்ள, நான் ஒருத்தன் இங்க இருக்கேன். பெட்டிக்கு அடியில என்னை எப்படி இழுத்துட்டுப் போவீங்க?"

வண்டி நின்று, பழைய இடத்துக்கே பின்னால் வந்தது. அவர் எழுந்தால் வண்டி ஏறிவிடும், உட்கார்ந்தால் வண்டி போக முடியாது. திரைக்காரம்மாவுக்குச் சொல்ல ஒன்று இருந்தது. எல்லோர் கண்ணும் தன் மேல் இருந்ததால் சக்கரத்தைப் பார்த்துப் பேசினாள்.

"மெத்தை விரிப்புக்கு மூலையில எலாஸ்டிக் வைப்பேன் இல்ல?" என்றாள் கடைசியில். "இழுத்துப் பிடிச்சபடியேதான் தைக்கணும். அது மாதிரி... அண்ணன் உக்காந்திருக்கும்போதே ஸ்பிரிங்கைக் கட்டிப் போட்டுட்டா?"

கேட்டுக்காரர் வண்டியிலிருந்து குதித்து இறங்கினார். பட்டறைக்குள் ஓடி, கேட்டுக்குப் போட வாங்கி வைத்திருந்த சங்கிலிகளைத் தூக்கிக்கொண்டு வந்து, மல்லாந்து வண்டிக்கு அடியில் நுழைந்தார். பின்சக்கரத்து அச்சையும் வண்டியின் அடிச்சட்டத்தையும் இரண்டு பக்கமும் சேர்த்து இறுக்கிக் கட்டி, போல்ட் போட்டு முடுக்கக் கால் மணி நேரம் ஆனது. அதுவரை அண்ணன் அசையக் கூடாது. தும்மலாமா என்று கேட்டார். கூடாது என்று கீழேயிருந்து பதில் வந்தது.

"இப்ப எந்திரிங்க மச்சான்."

எழுந்தார். வெளிச்சக் கோடு அப்படியே இருந்தது. வண்டி பதுங்கிய பூனைபோல நழுவி வெளியே வந்தது. பெட்டி நான்கு இரும்புக் கால்களில் தனியாக நின்றது. கேட்டுக்காரர் ஒரு காலைப் பிடித்து உலுக்கிப் பார்த்தார். அசையவில்லை.

அண்ணன் கயிற்றுச் சுருளை எடுத்துத் தோளில் மாட்டினார். "என்னையும் சேர்த்து மூணு பேர் ஆச்சு. அதனால பேச்சுப்படி பார்த்தா..."

"பேச்சு என்ன? யாரையும் கூப்பிடாமங்கறதுதானே?" என்றாள் அண்ணி, அதுவரை வாயே திறக்காதவள். "உங்களை இங்க யாரு கூப்பிட்டா? சிரிக்கறதுக்குன்னு நீங்களாத்தான் போய் உக்காந்தீங்க."

அண்ணன் யோசித்தார். கயிற்றைக் கழற்றித் தங்கையிடமே கொடுத்து, உள்ளே துணி காயப்போட உதவும் என்றார். அவள் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

புதன்கிழமை கேட்டுக்காரர் ஜாக்கிகளுக்கு அடியில் வைக்க ஒன்றரை இஞ்ச் கனத்தில் நான்கு இரும்புக் கட்டைகள் செய்தார். இரண்டு இஞ்ச் சந்து அரை இஞ்ச் ஆனது. வீணாகப் போன ஒன்றரை இஞ்ச் ஜாக்கிக்குத் திரும்பக் கிடைத்தது. இனி சங்கிலியும் வேண்டாம், அண்ணனும் வேண்டாம். அன்று மாலையே கணவனும் மனைவியும் ஒரு தடவை ஏற்றி, ஒரு தடவை இறக்கிப் பார்த்தார்கள். இருபது நிமிஷ வேலை.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு அண்ணன் வந்து நின்றார். அக்குளில் ஒரு மெத்தென்ற தலையணை. பின்படி இரும்பு குத்துகிறதாம்.

"நான் இல்லாம எப்படி ஏத்துவீங்கன்னுதான் விடிஞ்சதும் விடியாததுமா ஓடி வந்தேன்" என்றார்.

கேட்டுக்காரர் வாயைத் திறந்தார். திரைக்காரம்மா அவரைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். வண்டி சட்டத்துக்குள் போய் நின்றதும், அண்ணன் தலையணையைப் பின்படியில் வைத்து நிமிர்ந்து உட்கார்ந்தார். ஜாக்கிகள் இறங்க இறங்க வண்டி அமுங்கியது. எப்படி அமுங்குகிறது பார்த்தாயா என்று தங்கையிடம் பெருமையாகக் கேட்டார். அவள் பார்த்தேன் என்றாள்.

"நாளைக்கு இறக்கறதுக்கு எத்தனை மணிக்கு வரணும்?"

"சாயங்காலம் அஞ்சு மணிக்கு வாங்கண்ணே. அண்ணியையும் கூட்டிட்டு வாங்க."

வண்டி தெருமுனை திரும்பும்வரை கேட்டுக்காரர் பொறுத்திருந்தார். பிறகு, பாவம், அவரிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்றார்.

"சொன்னா வர மாட்டாருங்க" என்றாள் அவள்.