ஒருத்திக்கு ஒரு டேபிள்

சென்னையிலிருந்து திருப்பதிக்கு நான் வேலைக்குத் திரும்பிய ரயிலில் அந்த அம்மாள் எதிரே உட்கார்ந்திருந்தார். நல்ல உயரம், அகன்ற நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. நகரியில் வீட்டிலேயே பவர்லூம் ஓட்டும் குடும்பம். இரண்டு நாள் சென்னையைச் சுற்றிப் பார்த்துவிட்டு வருகிறாராம். பேச்செல்லாம் சாப்பிட்ட ஹோட்டல்களைப் பற்றித்தான். ஒவ்வொரு பண்டத்தின் பெயரையும் சொல்லுமுன் ஒரு கணம் கண்ணை மூடிக்கொள்வார்.

"கூட யாரு வந்தாங்கக்கா?" என்று கேட்டேன்.

"யாரும் வரல. ஊட்டுக்காரரக் கூப்ட்டேன். 'ஊட்ல சோறு கீதே, ஹோட்டலு எதுக்கு'ன்னாரு. சரி, நீ அதத் துன்னுன்னு சொல்லிட்டு நான் கெளம்பிட்டேன்."

பெரிய ஏசி ஹோட்டல் ஒன்றில், தனியாக வந்தவர்தானே என்று கைகழுவும் இடத்துக்குப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்களாம். இவர் ஜன்னலோர மேஜையைக் கேட்டிருக்கிறார். அது நாலு பேருக்கானது என்றாராம் சர்வர்.

"நாலு பேரு வந்தா எழுந்துக்கறேன் நைனா, இப்ப நான்தானே வந்துகீறேன்னேன். சிரிச்சிக்கினே உக்கார வச்சாரு. நெய் ரோஸ்ட்டு, பாதாம் அல்வா, காபி. நிதானமா துன்னேன்."

"தனியா சாப்பிடக் கூச்சமா இல்லையா?" என்றேன்.

"ஊட்ல எல்லாரும் துன்னப்புறம் அடுப்பாண்ட தனியாத்தான் துன்னுகினு கீறேன். அதுக்கே கூச்சப்படல, இதுக்கு ஏன் கண்ணு?"

நகரியில் கணவர் வந்து பையை வாங்கிக்கொண்டார். அவருக்கு முன்னால் கைவீசி நடந்து போனார் அந்த அம்மாள். நான் பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. ஆனாலும் சொந்த அக்காவைப் பார்ப்பதுபோல் எனக்கு அத்தனை பெருமையாக இருந்தது.